கரணை பிடிக்கத் தெரியுமா பேராண்டி?

நேபாளத்துக்குப் போறியாமே பேராண்டி! உங்க அப்பத்தா நேத்துக் கோயில் வாசல்ல நின்னு போறவ வர்றவளை எல்லாம் நிறுத்தி வச்சுச் சொல்லிக்கிட்டிருந்தா. ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்க என் பேரன் ஏரோபிளேன் ஏறிப் போறான், கம்பெனியில ரெண்டு வாரம் லீவு கொடுத்துக் கைதட்டி அனுப்புறாங்கன்னு. நல்ல காரியம்யா. யாரு வேண்டாம்னா? ஆவூர்ல பொறந்த பய இமயமலை ஓரத்துல சுவர் எழுப்பினான்னா எங்களுக்கும் பெருமைதானே.

ஒரே ஒரு கேள்வி. கோவிச்சுக்கப்படாது. செங்கல்லை நனைச்சுக் கட்டணுமா, காஞ்ச கல்லாக் கட்டணுமா?

பாத்தியா, போனை எடுக்குறே. அதை உள்ள வை, நான் சொல்றேன். நனைச்சுத்தான் கட்டணும். காஞ்ச கல்லு கலவையில இருக்கிற ஈரத்தைச் சர்ருனு உறிஞ்சிடும். சிமெண்டுக்கு இறுக ஈரம் பத்தாது. நாலு மாசம் கழிச்சு விரலால கீறினா கலவை மாவாக் கொட்டும். மொத வரி வைக்கும்போதே மூலைக்கு மூலை நூல் பிடிக்கணும். இணைப்பு மேல இணைப்பு வந்து விழக் கூடாது. மூணு வரிக்கு ஒரு தடவையாவது தூக்குண்டு விட்டுப் பாக்கணும். கட்டின சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணி ஊத்தணும். இதெல்லாம் எனக்குப் பிடிபட மூணு மழைக்காலம் போச்சு. அதுலயும் பாதி நாள் மேஸ்திரி கரணைக் காம்பால முட்டியில தட்டித்தான் புரிய வச்சாரு. நீ ரெண்டு வாரத்துல, அதுலயும் போற நாள், வர்ற நாள், ஊர் சுத்துற நாள் கழிச்சு மிச்சத்துல, ஒரு வீட்டையே முடிக்கப் போறே. கெட்டிக்காரந்தான்.

அதுக்குக் கட்டணம் வேற கட்டியிருக்கியாம். எவ்வளவுன்னு உங்கப்பன் காதுல சொன்னான். சொல்லிட்டுச் சுத்திமுத்தி ஒரு தடவை பாத்துக்கிட்டான்.

நம்ம பக்கத்துப் பயலுக நிலைமையை யோசிச்சுப் பாரு. சிங்கப்பூர்ல கட்டட வேலைக்குப் போறவன் மொதல்ல ஸ்கில் டெஸ்ட் அடிக்கணும். டைல் ஒட்டப் போறியா, கம்பி கட்டப் போறியா, பூச்சு வேலையா, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா டெஸ்ட். மாசக்கணக்கா ட்ரெயினிங் சென்டர்ல கெடந்து, சுவரைக் கட்டிக் கட்டி இடிச்சுப் பழகி, மார்க்கு வாங்கினாத்தான் அந்த ஊர்க்காரன் உள்ள விடுவான். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிட்டு, திருச்சி ஏர்போர்ட்டுல அம்மாவை அழவிட்டுட்டுப் போவான். நீயும் பணம் கட்டித்தான் போறே. நீயும் அதே சிமெண்டுச் சட்டியைத்தான் தூக்கப் போறே. உனக்கு ஒரு டெஸ்டும் கிடையாது! டைல் ஒட்டப் போறவனுக்குப் பரீட்சை, வீட்டையே கட்டப் போறவனுக்குப் பனியன். பனியன்ல எழுத்துப் போட்டுக் கொடுத்துருக்காங்கன்னு உங்க அப்பத்தா காட்டினா. துணி நல்ல துணிதான்.

இப்படிப் போனவங்க கதை ஒண்ணை உன் தங்கச்சி படிச்சுச் சொன்னா. பிப்பா பிடில்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு 2014ல எழுதினதாம். பள்ளிக்கூடத்துல படிக்கையில தோழிமாரோட ஆப்பிரிக்காவுக்கு, தான்சானியாவுக்கு, ஒரு அநாதை இல்லத்துக்கு நூலகம் கட்டப் போயிருக்கா. பகல் பூரா இந்தப் பொண்ணுங்க கல்லு வச்சுச் சுவர் எழுப்புறது. ராத்திரி இதுங்க தூங்கினதும் உள்ளூர் ஆளுங்க வந்து கோணச் சுவரைப் பிரிச்சுட்டுத் திரும்ப நேராக் கட்டி வைக்கிறது. காலையில எந்திரிச்சு வந்தா சுவர் கம்பீரமா நிக்கும். அடடா நம்ம கைவேலைன்னு இதுங்களுக்குச் சந்தோசம். ஒரு நாள் விஷயம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை மறைக்காம எழுதினா பாரு, அதுக்காக அந்தப் பொண்ணை நான் மெச்சுறேன். என் மனசு நின்னது ராத்திரி வந்த அந்த ஆளுங்ககிட்ட. விளக்கு வெளிச்சத்துல, விருந்தாளி மனசு நோகாம, சத்தம் வராமச் செங்கல்லைக் கழட்டியிருக்கான் பாரு, அவன் கொத்தனாரு! அவனுக்கு யாரு கைதட்டினா?

நேபாளத்துலயும் கொத்தனாரு இல்லாம இல்லை. 2015 ஏப்ரல் 25ல அங்க பூமி ஆடிச்சு. 8,000 பேருக்கு மேல போய்ட்டாங்க, லட்சக்கணக்கான வீடு சரிஞ்சுது. இடிஞ்சதைத் திருப்பிக் கட்ட அந்த அரசாங்கம் வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் மூணு தவணையாக் கொடுத்துச்சு. அஸ்திவாரத்தை இன்ஜினியர் வந்து பாத்துச் சரின்னாத்தான் அடுத்த தவணை. வீட்டுக்காரனே நின்னு கட்டிக்கணும். அப்ப அவங்களுக்கு வந்த ஒரு பெரிய கஷ்டம் எது தெரியுமா? கட்டுறதுக்கு ஆம்பளைங்க ஊர்ல இல்லை. நிறைய வாலிபப் பயலுக கத்தார்லயும் மலேசியாவுலயும் அடுத்தவனுக்கு உழைச்சுக்கிட்டிருந்தானுங்க.

இந்தக் கூத்தைக் கொஞ்சம் பாரு. நேபாளத்துக் கொத்தனாரு கத்தார்ல. ஆவூர்க் கொத்தனாரு சிங்கப்பூர்ல. இங்க மாத்தூர்ப் பக்கம் எந்தக் கட்டடத்துல ஏறிப் பாத்தாலும் பீகார்ப் பையனும் ஒடிசாப் பையனும் கம்பி கட்டிக்கிட்டிருக்கான். கம்ப்யூட்டர் தட்டுற நீ நேபாளத்துல கல்லு தூக்கப் போறே. உலகத்துல ஒருத்தனாவது சொந்த ஊர்ல சொந்த வேலையைச் செய்யிறானான்னு தேடினா, நான் ஒருத்தன் திண்ணையில உக்காந்து வெத்தலை போடுறேன்.

கணக்குக்கு வருவோம். நம்ம பெரியநாயகி மாதா கோயில்ல வீரமாமுனிவர் இருந்து பணி செஞ்சாருன்னு உனக்குச் சின்னப் பிள்ளையிலேர்ந்து சொல்லிக் கொடுத்துருக்கோம். இத்தாலியிலேர்ந்து வந்த பெஸ்கி சாமியார். பரமார்த்த குரு கதை எழுதினவரு அவருதான். அந்த மடச் சீடனுங்க ஆத்தைக் கடந்து கரையேறி, எல்லாரும் வந்துட்டமான்னு எண்ணுவானுங்க. எண்ணுறவன் தன்னை விட்டுட்டு எண்ணுவான். ஒரு ஆளு குறையும். ஆத்தோட போய்ட்டான்னு ஒப்பாரி. உங்க வீடு கட்டுற கூட்டத்துக் கணக்கும் அதே கணக்குத்தான் ராசா. செங்கல் எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு, கம்பி எவ்வளவுன்னு ஒண்ணு விடாம எண்ணுவீங்க. ஏரோபிளேன் டிக்கெட்டு, ஓட்டல் ரூம்பு, பாட்டில் தண்ணி, பனியன், இதை மட்டும் எண்ண மாட்டீங்க. உங்களை விட்டுட்டுத்தான் எண்ணுவீங்க.

ஒருத்தர் உக்காந்து எண்ணியிருக்காரு. 1998ல மிட்ச்னு ஒரு புயல் ஹோண்டுராஸ் நாட்டைப் புரட்டிப் போட்டுச்சு. அமெரிக்காவுலேர்ந்து தேவாலயக் கூட்டங்க கிளம்பிப் போய் வீடு கட்டிக் கொடுத்தாங்க. கர்ட் வெர் பீக்னு ஒரு சமூகவியல் வாத்தியார், அங்கேயே குடியிருந்தவரு, பின்னால கணக்குப் போட்டாரு. போக்குவரத்துச் செலவெல்லாம் சேத்து, வந்துபோன கூட்டம் கட்டின வீடு ஒண்ணுக்கு சுமார் 30,000 டாலர். அதே ஊர்ல உள்ளூர் அமைப்புங்க கட்டினா 2,000 டாலர். ஒரு வீட்டுக் காசுல பதினஞ்சு வீடு. வெளியாளு கட்டினதுல குடியிருக்கிறவனுக்கும் உள்ளூராளு கட்டினதுல குடியிருக்கிறவனுக்கும் வாழ்க்கையில பெருசா ஒரு வித்தியாசமும் இல்லைன்னும் கண்டாரு. மிச்சப் பதினாலு குடும்பம் யாரு, எங்க படுத்துச்சுன்னு எந்தப் போட்டோவுலயும் வராது.

அதுக்காகப் போன வெளியாளெல்லாம் வெட்டின்னு சொல்லிட மாட்டேன். நம்ம கோயிலே வெளியாளு ஆரம்பிச்சதுதான். பிரான்சு தேசத்து புஷே சாமியார் இங்க வந்து மொதக் கோயிலை எழுப்பினாரு. இப்ப நிக்கிறது 1747ல கட்டினது. அவரும் பெஸ்கியும் ரெண்டு வாரம் லீவுல வரலை. காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழ் படிச்சு, இந்த வெயில்லயே காய்ஞ்சு போனவங்க.

இன்னொரு ஆளைச் சொல்றேன், இந்த வீடு கட்டப் போற பழக்கத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவரு. பியர் செரசோல்னு பேரு, சுவிட்சர்லாந்துக்காரரு, படிச்சது இன்ஜினியருக்கு. அவங்கப்பா அந்த நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்தவரு. மகன் பட்டாளத்து வரி கட்ட மாட்டேன்னு சொல்லிச் சொல்லி ஜெயிலுக்குப் போய்க்கிட்டிருந்தவரு. மொத உலக யுத்தம் முடிஞ்சு 1920ல, பிரான்சுல வெர்டன் பக்கம் தரைமட்டமாப் போன ஒரு கிராமத்துல வீடு கட்டிக் கொடுக்கப் பல தேசத்து ஆளுங்களைச் சேத்துக்கிட்டுப் போனாரு. அந்தக் கூட்டத்துல ஜெர்மன்காரனும் இருந்தான். இடிச்சவனே கட்ட வந்தா ஊர்க்காரன் சும்மா இருப்பானா? சில மாசத்துல கிளம்புங்கன்னுட்டான். கோவிச்சுக்காமக் கிளம்பினாரு. அங்க முளைச்சதுதான் சர்வதேச சிவில் சேவைன்னு இன்னிக்கும் இருக்கிற அமைப்பு.

1934 ஜனவரி 15ல பீகார்ல பூகம்பம். அம்பது வயசு தாண்டின அந்த மனுசன் கப்பல் ஏறி வந்தாரு. வந்ததும் கரணையைத் தூக்கலை, கவனிச்சுக்க. நிவாரண வேலையைக் கையில வச்சிருந்த ராஜேந்திர பிரசாத்தைப் போய்ப் பாத்தாரு, ஊர் ஊரா நடந்தாரு, என்ன வேணும்னு கேட்டாரு, திரும்பிப் போய்ச் சில ஆளுங்களோட வந்தாரு. போறதும் வர்றதுமா 1937 வரைக்கும். வெள்ளத்துல முங்குற ஊரை மேட்டுக்கு மாத்திக் கட்டுற வேலை அது. பீகாருக்குக் கொத்த வந்த சுவிட்சர்லாந்துக்காரரு அவரு. இன்னிக்குப் பீகார்ப் பையன் மாத்தூருக்குக் கொத்த வர்றான்.

லாரி பேக்கரை உனக்குத் தெரியும், உங்க காலேஜ் பொஸ்தகத்துல இருந்திருக்கும். 1945ல இங்கிலாந்துலேர்ந்து தொழுநோய்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்ட வந்தவரு. வந்த புதுசுல, நான் பர்மிங்காம்ல படிச்ச படிப்பு இங்க ஒரு காசுக்கு ஆகலைன்னு கண்டுக்கிட்டாரு. இமயமலைப் பக்கம் பித்தோராகர்ல பல வருசம் கிராமத்துக் கொத்தனாருகிட்ட உக்காந்து கல்லும் மண்ணும் படிச்சாரு. சுத்தி அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கிற சாமானை வச்சு வீடு கட்டணும்னு காந்தி சொன்னது அவரு மனசுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் திருவனந்தபுரத்துல அவரு கட்டின எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைக் குத்துவாட்டுல நிறுத்தி நடுவுல பொந்து விட்டுக் கட்டுறது, நாலுல ஒரு பங்கு செங்கல்லு மிச்சம், வீட்டுக்குள்ள சூடும் குறைவு. 2007ல கண்ணை மூடுற வரைக்கும் இங்கேயே இருந்துட்டாரு, இந்தியக் குடிமகனாவே ஆகி. அறுபது வருசம் ராசா. உன் விசா எத்தனை நாளைக்கு?

ஜிம்மி கார்ட்டரும் வந்தாரு, விட்டுடப் படாது. அமெரிக்க ஜனாதிபதியா இருந்தவரு, தச்சு வேலை தெரிஞ்சவரு. 2006ல லோனாவாலா பக்கம் 100 வீடு கட்டுற கூட்டத்தோட வந்து சுத்தியல் பிடிச்சாரு. அவரைக் கூட்டிவந்த அமைப்போட பழக்கம் ஒண்ணு எனக்குப் பிடிச்சுது: வீட்டுக்காரனும் சேர்ந்து வேலை செஞ்சாகணும், சும்மா கை கட்டி நின்னு வாங்கிக்கக் கூடாது. ஆனா மகனை விட ஆத்தாளைத்தான் நான் பெருசாச் சொல்லுவேன். லிலியன் கார்ட்டர், நர்சம்மா. 68 வயசுல பம்பாய் விக்ரோலிக்கு வந்து ஊசி போட்டுக்கிட்டு ரெண்டு வருசத்துக்குக் கிட்ட இருந்தாங்க, 1966லேர்ந்து 1968 வரைக்கும். தனக்குத் தெரிஞ்ச வேலைக்கு வந்தாங்க பாரு, அதுதான் சூட்சுமம்.

இந்த வெளியாளு வீடு கட்டுற கதையை நான் நேர்ல எங்க பாத்தேன்னு கேளு. சுனாமிக்கு அப்புறம் 2005ல நாகப்பட்டினம் பக்கம் வீடு கட்ட எங்களை மேஸ்திரி கூட்டிப் போனாரு. அரசாங்கம் அந்த மார்ச்சுல அரசாணை போட்டிருந்துச்சு, 300லேர்ந்து 325 சதுர அடி, வீட்டுக்கு ஒன்றரை லட்சம்னு. தொண்டு நிறுவனங்க குப்பம் குப்பமாப் பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. எங்களுக்கு வாய்ச்சது எதுன்னு பேரு வேண்டாம். பணம் இருந்துச்சு, மனசும் இருந்துச்சு, கம்பியில கஞ்சத்தனம் இல்லை. ஆனா வரைபடம் எங்கேயோ ஏசி ரூம்புல போட்டது. மனையைச் சமன் பண்ணணும்னு மொதல்ல மரத்தை வெட்டுனாங்க. பூவரசு, வேம்பு, தென்னை, அலைக்குத் தப்பி நின்ன மரமெல்லாம் ஜேசிபிக்குத் தப்பலை. மரம் போனதும் அந்த மணல்ல பகல்ல கால் வைக்க முடியாது.

பட்டாளத்து வரிசை மாதிரி வீடு எழும்புச்சு. ஒரு அக்கா தெனமும் வந்து நிக்கும். அலையில புருசனைப் பறிகொடுத்தது. பேசாது, பாக்கும். ஒரு நாள் நிலை வைக்கிற நேரத்துக்கு வந்து கேட்டுச்சு: "ஏன் அண்ணே, வாசல் ரோட்டைப் பாத்து இருக்கே, நாங்க கடலைப் பாக்க வேணாமா?" நான் மேஸ்திரியைப் பாத்தேன், மேஸ்திரி சூப்பர்வைசரைப் பாத்தாரு, அவரு வரைபடத்தைப் பாத்தாரு. வரைபடத்துல கடலே இல்லை. அந்த அக்கா அடுத்ததைக் கேட்டுச்சு: "கருவாடு எங்க காயப் போட? வலையை எங்க வைக்க?" மாடியில காயப் போடலாம்னா, மேல படி வைக்கச் செலவுல இடமில்லை. அடுப்பு வைக்க ஒரு மூலை விட்டிருந்தாங்க, காத்து நேரா வந்து புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும். அந்த மூலையை மாத்திக் கட்ட எனக்கு அரை நாள் போதும். மாத்த எனக்கு உத்தரவு இல்லை.

நடுவுல ஒரு நாள் வெளிநாட்டுக் கூட்டம் ஒண்ணு வேன்ல வந்து இறங்குச்சு. நல்ல பிள்ளைங்க, பொய் சொல்லக் கூடாது. வேர்த்து விறுவிறுத்து வெள்ளையடிச்சாங்க, சுவர்ல மீன் படம் வரைஞ்சாங்க, எங்களோட உக்காந்து கையால சாப்பிட்டாங்க. ஒரு பய மூட்டை தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான், சித்தாளு அக்காங்க நல்லெண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. சாயங்காலம் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் படம். அந்த அக்காவையும் கூப்பிட்டு நடுவுல நிறுத்துனாங்க. வாசலைப் பத்தி அந்த அக்கா அவங்ககிட்டச் சொல்லுச்சு. மொழிபெயர்க்க வந்த தம்பி "ரொம்ப நன்றிங்கிறாங்க"ன்னு சொல்லிட்டான்.

பின்னால அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப எட்டிப் பாத்தேன். வீட்டு முன்னால கீத்துக் கொட்டகை போட்டு, அதுல சமையல், அதுல படுக்கை. காங்கிரீட்டு வீட்டுக்குள்ள வலையும் ஐஸ் பெட்டியும். நாங்க கட்டினது கெட்டியான கட்டடம், விரிசல் ஒண்ணு கிடையாது. குடோனா நல்லா உதவுது.

இதே பாடத்தை யாழ்ப்பாணத்துக்காரங்க சீக்கிரம் படிச்சுட்டாங்க. யுத்தம் முடிஞ்ச பின்னால இந்திய அரசாங்கம் இலங்கையில 50,000 வீட்டுக்குப் பணம் கொடுத்துச்சு. வடக்குலயும் கிழக்குலயும் 46,000, மலையகத்துல 4,000. வடக்கு கிழக்குல பெரும்பாலும் வீட்டுக்காரர் கையிலேயே தவணை தவணையா அஞ்சரை லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்து, நீங்களே கட்டிக்குங்க, மேற்பார்வை நாங்க பாத்துக்கிறோம்னாங்க. காசு பத்தாமத் திணறினவங்க உண்டு, நகையை அடகு வச்சவங்க உண்டு, பாதியில நின்னதும் உண்டு. ஆனா வாசல் எந்தப் பக்கம்னு வீட்டம்மா சொன்னா. வேலை உள்ளூர் மேசனுக்குப் போச்சு. அதுக்கு அப்புறம் கொழும்பு அரசாங்கம், ஒரு பன்னாட்டு உருக்குக் கம்பெனியை வச்சு 65,000 இரும்பு வீட்டைப் பொருத்திக் கொடுக்கிறோம்னு கிளம்புச்சு. ஒரு வீடு 20 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல. அந்த வெக்கையில இரும்பு வீடா, அந்தக் காசுக்கு ரெண்டு கல்வீடு கட்டலாமேன்னு தமிழ்ச் சனங்க சண்டை போட்டாங்க. சொன்னது சொன்ன மாதிரி நடக்கலை அந்தத் திட்டம்.

என்னடா தாத்தா போகாதேங்கிறாரான்னு முழிக்கிறே. போ. டிக்கெட்டு போட்டாச்சு, அப்பத்தா ஊருக்கே சொல்லியாச்சு, போகாம இருந்தா அவ முகத்துல முழிக்க முடியாது. போறதுக்கு முன்னாடி, கட்டணம் வாங்கி உன்னைக் கூட்டிப் போற கம்பெனிக்காரன்கிட்ட, யாருக்கு வீடுன்னு யாரு முடிவு பண்ணுறாங்க, வரைபடம் யாரு போட்டது, அந்த ஊர்க் கொத்தனாருக்குக் கூலி உண்டா, உன்னால அவன் வேலை போகுதான்னு கேளு. பதில் சொன்னான்னா நல்ல கம்பெனி. போட்டோ அனுப்பினான்னா கட்டின பணத்தைத் திருப்பிக் கேளு. போன இடத்துல கரணையை உன் கையில யாராவது கொடுத்தா வாங்காதே. மண்ணு அள்ளு, தண்ணி தூக்கு, செங்கல்லை நனை. கொத்தனாரு கண்ணால காட்டுறதைக் கையால செய். அங்க உன்னை விடச் சின்னப் பொண்ணு ஒண்ணு உன்னை விட ரெண்டு மடங்கு தூக்கும். வெக்கப்படாதே, அதுகிட்டக் கேட்டுத் தலைச்சும்மாடு கட்டக் கத்துக்க.

அதோட உனக்குன்னு ஒரு தொழில் இருக்கே, அதை ஏன் வீட்டுல வச்சுட்டுப் போறே? 2018ல கஜா புயல் நம்ம ஜில்லாவைக் கிழக்கால புரட்டிப் போட்டப்ப ரொட்டியும் போர்வையும் லாரி லாரியா வந்துச்சு, புண்ணியவானுங்க. ஆனா சனங்க கையெடுத்துக் கும்பிட்டது ஈபி ஆளுங்களைத்தான். அக்கம்பக்கத்து மாநிலத்துலேர்ந்தெல்லாம் வந்து, இடுப்பளவு சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அவங்க யாருக்கும் சோறு பொங்கிப் போடலை, வீடு கட்டலை. தெரிஞ்ச வேலையைச் செஞ்சாங்க. உனக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டரு. தவணைப் பணம் வாங்குற ஏழைக் குடும்பம் எங்க சிக்குது தெரியுமா? செங்கல்லுல இல்லை. பட்டாவுல, பேங்குக் கணக்குல, ஆதார்ல பேரு ஒரு எழுத்து மாறியிருக்கிறதுல. அதைச் சரி பண்ண உன்னை மாதிரி ஒருத்தன் ஒரு மத்தியானம் உக்காந்தாப் போதும்.

நேபாளம் வரைக்கும் போவானேன், கீழத்தெருவுக்கு வா. கலைஞர் கனவு இல்லத்துல நம்ம தெரு அக்கா ஒண்ணுக்கு வீடு வந்துருக்கு. 360 சதுர அடி, மூன்றரை லட்சம். அதுலயும் பேஸ்மட்டம், லிண்டல் மட்டம், தளம்னு ஒவ்வொரு கட்டமா முடிச்சுக் காட்டினாத்தான் பணம் இறங்கும். பேஸ்மட்டத்தோட நிக்குது. கொத்தனாரு கிடைச்சுட்டாரு, சித்தாளு கிடைக்கலை. கெடச்சாலும் கொடுக்கக் கூலி இல்லை. அக்கா தானே கல்லு தூக்குது, முழங்கால் வலியோட. பேங்குல ஏதோ ஒரு தாளு கேக்குறானாம், அதுவும் யாருக்கும் புரியலை.

உன் பிளைட்டு வியாழக்கிழமைதானே? திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு வேலை ஆரம்பம். பழைய கைலி ஒண்ணு கட்டிக்கிட்டு வா. பனியனை நேபாளத்துக்கு வச்சுக்க. படம் எடுக்க ஆள் கிடையாது, கட்டணமும் கிடையாது, மத்தியானம் சோறு எங்க வீட்டுல. வந்ததும் மொத வேலை, தொட்டியில தண்ணி நிரப்பிச் செங்கல்லை ஊறப் போடணும்.